ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்டவள்

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகைகள் அச்சகத்திலிருந்து வந்து பீரோவின் மேல் கட்டாக இருக்கின்றன. முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைத்த பிறகுதான் ஊருக்குக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நான் இன்னும் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. உன் நைனா தினமும் காலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். நான் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வயலுக்குப் போகிறார். காரணம் அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சரி மா சரி மா என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், மீதியை அம்மா தானே படித்துக்கொண்டாள் என்று உன் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லுவாய். அந்தப் படிப்பில் எழுதுகிற கடிதம் இது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படி, விஷயத்தில் பிழை இருக்காது. இதை நீ ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் படித்தாலும் எனக்குச் சம்மதம். பழைய வாட்ச் வாங்குகிறவர், விற்கிறவர், முன்பின் தெரியாதவர் யார் படித்தாலும் சம்மதம்.

அன்றைக்குச் சண்டையில் நீ ஒன்று கேட்டாய். "கோயில்ல நீ வருசா வருசம் பண்றது இன்னா மா? ஏத்தி வுடறதுதான? அத்தத்தான நானும் பண்ணச் சொன்னேன். அங்க பண்ணா புண்ணியம், இங்க பண்ணா பாவமா?" என்றாய். நம் தெருவில் என் வாயை அடைத்தவர்கள் யாரும் கிடையாது. நீ அடைத்துவிட்டாய், நான் பெற்ற பிள்ளை என்பதால் அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. ஆனால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், களத்தில் நெல்லைக் கிளறிவிடும்போதும் அதையே மென்றுகொண்டிருந்தேன். இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நீ உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும்.

ஆடித் திருவிழா முடிந்த மறுநாள், அம்மனுக்குச் சாத்திய புடவைகளை ஏலம் விடுவதை நீ என் இடுப்பில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறாய். பூசாரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார், தர்மகர்த்தா ஆரம்ப விலை சொல்லுவார், பெண்கள் கேட்க ஆரம்பிப்போம். யாரும் முழுத் தொகையாகக் கேட்க மாட்டோம். நூறு என்றால் நூற்றியொன்று, ஐந்நூறு என்றால் ஐந்நூற்றியொன்று. சாமி காரியத்தில் சுழியில் நிறுத்தக் கூடாது, ஒன்று சேர்த்தால்தான் வளரும். அந்தக் கூட்டத்தில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. நல்ல பட்டாக இருந்து, கேட்கிறவள் கையில் காசு உள்ளவளாகவும் இருந்து, விலை பாதி வழியில் படுத்துவிட்டால் தர்மகர்த்தா என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏற்றிவிடுவேன். அரிசி மில்காரர் பெண்சாதி என்னைத் திரும்பிப் பார்த்து, "தோ, ஏத்தி வுட வந்துட்டா பாரு மவராசி" என்பாள். கூட்டமே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த விலை கேட்பாள். கோயிலுக்குச் சுற்றுச்சுவர் எழும்பியது அப்படி ஏறிய விலையில்தான்.

அதனால் நீ என் போனை வாங்கி அந்த ஏல ஆப்பைப் போட்டு, என் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்து, "நான் சொல்ற வாட்சுக்கு மட்டும் கொஞ்சம் ஏத்தி வுடு மா" என்று சொன்னபோது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. ஏலம் என்றால் எனக்குத் தெரிந்த ஏலம் அதுதான். அதுவும் கேட்கிறவன் நீ. ஒரகடத்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று உன்னை அனுப்பிய பிறகு நீ எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய் என்பது எனக்குத் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்பாய், காலையில் நான் எழுந்து பார்த்தால் சட்டி காலியாக இருக்கும். அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருக்கும், பிள்ளை சாப்பிட்டிருக்கிறான் என்று. அப்புறம் ஒரு நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மஞ்சள் பை நிறைய ஓடாத வாட்சுகளை வாங்கி வந்தாய். அவற்றைத் துடைத்து, பட்டை மாற்றி, சாவி கொடுத்து ஓட வைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்துப் போட்டாய். முதல் வாட்ச் விற்ற அன்று தெருமுனைக் கடையிலிருந்து பஜ்ஜி வாங்கி வந்து என் வாயில் ஒன்றைத் திணித்தாய். தாம்பரத்தில் அறை எடுத்துத் தங்கி தொழில் செய்கிற அளவுக்கு வந்துவிட்டாய். அந்தப் பஜ்ஜிக்காக நான் எதையும் ஏற்றிவிட்டிருப்பேன். இதை மறைக்க எனக்கு ஒன்றும் வெட்கம் இல்லை.

நீ சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். வாங்க வருகிறவர் தன் உச்ச விலையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம், அது மற்றவர்களுக்குத் தெரியாது. இன்னொருவர் கேட்கக் கேட்க, ஆப்பே அவருக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கேட்டுக்கொண்டு போகும். அவர் மனதில் இருக்கும் உச்சம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழி கீழேயிருந்து தட்டித் தட்டிப் பார்ப்பதுதான். நான் தட்டினேன். களத்துமேட்டில் உட்கார்ந்து தட்டினேன், ரேஷன் கடை வரிசையில் நின்று தட்டினேன். என் ஏலக் கேள்வி அவர் உச்சத்தைத் தாண்டிவிட்டால், தெரியாமல் தப்பாக அடித்துவிட்டேன் என்று ஒரு காரணத்தைப் போட்டு விலகிக்கொள்ளச் சொன்னாய். விலகுவதற்குள் நேரம் முடிந்து வாட்ச் என் தலையில் விழுந்துவிட்டால், "நீ பணம் கட்டத் தேவயில்ல மா, நான் பாத்துக்கறேன்" என்பாய். எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று நான் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் விவகாரம், அதில் ஒரு வழி இருக்கும் என்று நினைத்தேன். அந்த வழி என்ன என்பது வாலாஜாபாத்காரர் வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நீதான் முதலில் போன் செய்தாய். போன தடவை வந்தபோது வைத்துவிட்டு வந்த வெள்ளை டயல் வாட்ச் மேஜை டிராயரில் இருக்கிறது, ஒருவர் நேரில் வந்து வாங்கிக்கொள்வார், பணம் வந்துவிட்டது, பெட்டியோடு கொடுத்துவிடு என்றாய். மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாலாஜாபாத்தில் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். வெயிலில் விசாரித்து விசாரித்து நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. நாற்காலியைப் போட்டு ஃபேனைச் சுழலவிட்டுச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். அவர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு முதலில் வாட்சை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், ஏதோ நான்தான் அதற்குள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதுபோல.

யாருக்கு வாங்குகிறீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். அவருடைய அண்ணனுக்காம், தென்னேரியில் இருக்கிறாராம். இவர் பத்தாவது படிக்கும்போது அண்ணனின் வாட்சைக் கெஞ்சி வாங்கிக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் போயிருக்கிறார். கடைசிப் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் பையன்களோடு ஏரியில் குதித்ததில் வாட்ச் போய்விட்டது. "அடிக்கல மா எங்கண்ணன். அடிச்சிருந்தா அன்னியோட போயிருக்கும். இத்தினி வருசமா என்ன எங்க பாத்தாலும், டேய் மணி இன்னாடான்னுதான் கேக்கறாரு. என் கல்யாணத்துல, தாலி கட்டற நேரத்துல, பின்னால நின்னுக்கினு கேட்டாரு மா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அண்ணனுக்கு இந்த மாதம் அறுபதாம் கல்யாணமாம். அதே கம்பெனி, அதே மாடல், அதே வெள்ளை டயல். அதை எல்லார் முன்னாலும் அண்ணன் கையில் கட்டிவிட்டு, மணி என்னவென்று நீயே பார்த்துக்கொள் அண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

அதோடு எழுந்து போயிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் பேசுகிற ஆள். இந்த வாட்ச் கிடைக்காமலே போயிருக்கும் என்று ஆரம்பித்தார். யாரோ ஒருவர் விடவே மாட்டேன் என்று ஏறிக்கொண்டே வந்தாராம். இவரும் மனைவியிடம் சொல்லிவிட்டு ஒரு தடவை, சொல்லாமல் ஒரு தடவை என்று தன் உச்சத்தை உயர்த்திக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் அந்த ஆளுக்கே விழுந்ததாம். இரண்டு நாள் கழித்து உன்னிடமிருந்து செய்தி வந்ததாம், எடுத்தவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அடுத்து இருந்தது நீங்கள்தான், நீங்கள் கேட்ட உச்ச விலைக்கே தருகிறேன், இது உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு என்று. அவருடைய மகள், இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது, வாங்காதே என்று தடுத்திருக்கிறாள். இவர்தான் கேட்கவில்லை. விற்கிறவர் உத்திரமேரூர்க்காரர், நம்ம ஜில்லா, வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறார், ஏமாற்றுகிறவன் விலாசம் கொடுப்பானா என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். கடவுளே என்று நினைத்துக்கொண்டேன், எங்கள் வீட்டு விலாசம் இதற்கா பயன்பட்டது.

பிறகு போனை எடுத்து அந்த ஏலத்தில் யார் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பக்கத்தைக் காட்டினார். பெயர்கள் எல்லாம் நட்சத்திரக் குறிகளால் மறைந்திருந்தன. விலைகள் மறைந்திருக்கவில்லை. "இத்தப் பாரு மா. இவரு ஒவ்வொரு தபாவும் ஒரு ரூபா சேத்தே கேட்டுக்கீறாரு. நம்ம பக்கத்து ஆளுதான். கோயில்ல ஏலம் கேட்டுப் பழக்கப்பட்ட ஆளு, சாமிக்குப் பயந்தவரு. அப்பேர்ப்பட்டவரு கடைசில வேணாம்னு வுட்டுட்டாருன்னா வூட்ல இன்னா கஷ்டமோ. அவரும் யாருக்குக் கட்டி வுடணும்னு நெனச்சாரோ. யாருன்னு உங்க புள்ளைக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க. பாத்து ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன், மனசு கேக்கல."

உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே. அவர் அப்போதுதான் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தார். வெயிலில் வந்த மனிதர் குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். குடித்து முடித்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, உங்கள் பிள்ளை நன்றாக இருப்பான் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டிவிட்டுப் போயிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவர் வாழ்த்திவிட்டுப் போனார்.

அவர் போனதும் அந்த ஆப்பின் விதிகளை எடுத்துவைத்துக்கொண்டேன். இங்கிலீஷில்தான் இருந்தது, போனிலேயே தமிழாக்கித் தரும் வசதி இருக்கிறது, அரைகுறைத் தமிழ்தான், ஆனாலும் புரிந்தது. விற்கிறவரின் குடும்பத்தார், ஒரே வீட்டில் இருப்பவர், சிநேகிதர் யாரும் விலையை உயர்த்துவதற்காகக் கேட்கக் கூடாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அதைத் தேடும்போது பழைய வாட்ச் சேர்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடமும் கிடைத்தது. கள்ளக் கேள்வி கேட்கிற ஆளை எப்படி அடையாளம் காண்பது என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஆள் இதுவரை எதையும் வாங்கியிருக்க மாட்டான். ஒரே விற்பனையாளரின் பொருளுக்கு மட்டுமே கேட்பான். சின்னச் சின்னதாக ஏற்றி நமது உச்சத்தைத் தேடுவான். கண்டுபிடித்ததும் விலகுவான், அல்லது ஜெயித்துவிட்டுக் காணாமல் போவான். உடனே நமக்கு இரண்டாவது வாய்ப்பு என்று செய்தி வரும். படித்துக்கொண்டே போனேன். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் திருடர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறவளுக்கு நடுவில் தன் முகம் தெரிந்தால் எப்படி இருக்கும், எனக்கு அப்படி இருந்தது.

அன்று சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன், நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். உன் நைனா உன் பக்கம்தான். "புள்ள இப்பதான் தலயெடுக்கறான். கல்யாண நேரத்துல இன்னாத்துக்கு பேஜார் பண்ற? அந்த ஆளு சந்தோசமாத்தான போனாரு?" என்றார். சந்தோஷமாகப் போனார் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

என் பதில் இதுதான். அந்தக் கிளிப்பச்சைப் புடவையை உனக்கு ஞாபகம் இருக்கும், மாம்பழக் கரை போட்டது, நான் கட்டுவதே இல்லை என்று நீயும் உன் நைனாவும் இன்னும் கேலி செய்கிறீர்களே, அது. அந்த வருஷம் நான் ஏற்றிக்கொண்டே போனேன். மில்காரர் பெண்சாதி மற்றப் பெண்களுக்குக் கண்ணைக் காட்டினாள், எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். தர்மகர்த்தா ஒரு தரம் என்றார், இரண்டு தரம் என்றார், யாரும் மூச்சுவிடவில்லை. மூன்று தரம் என்று முடித்ததும் கோயிலே இரைந்து சிரித்தது. நான் போட்டிருந்த கம்மலை அடகு வைத்துப் புடவையை எடுத்தேன். அம்மன் கட்டின புடவையெல்லாம் நம் வீட்டில்தான் இருக்கிறது, அம்மனுக்குத்தான் மாற்றுப் புடவை இல்லை என்று உன் நைனா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது சொல், வித்தியாசம் தெரிகிறதா? அங்கே நான் ஏற்றிவிடுகிறவள் என்பது எல்லாருக்கும் தெரியும், என் முகம் எல்லாருக்கும் எதிரே இருக்கிறது. எனக்கு எதிரே கேட்கிறவள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. அவள் எந்த நொடியிலும் வாயை மூடிக்கொள்ளலாம், அப்போது அது என் தலையில் விழும், விழுந்தால் நான் எடுத்தே தீர வேண்டும். அந்தப் பயம் எனக்கு இருப்பதால்தான் அது ஏலம். வாலாஜாபாத்காரர் கையில் நீ என்ன ஆயுதம் கொடுத்தாய்? அவர் நிறுத்தினார், வாட்ச் என் தலையில் விழுந்தது, நீ அதை என் தலையிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி அவரிடமே கொண்டுபோய் நீட்டினாய், அதே உச்ச விலைக்கு. அவர் ஜெயித்தாலும் அந்த விலை, தோற்றாலும் அந்த விலை. அவர் ஒரு மனிதரோடு போட்டி போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே மனிதரே இல்லை. அவர் தன் ஆசையோடு தானே மோதிக்கொண்டிருந்தார், நான் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன்.

நம் கோயிலில் எடுத்தவள் கைவிட்ட கதையும் உண்டு. பெருநகர் கிராமத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி ஆசையில் ஏறிக்கொண்டே போய் அரக்குப் புடவையை எடுத்துவிட்டாள், அப்புறம் மாமியார் முறைத்ததும் அழுதுகொண்டே வேண்டாம் என்றாள். அடுத்து இருந்தது நான். அவள் கேட்ட கடைசி விலைக்கு முந்தின விலையில் என்னிடம் தள்ளிவிட தர்மகர்த்தா பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் வந்ததால்தானே நான் அவ்வளவு உயரம் போனேன், அவள் இல்லை என்றால் அவள் கேட்டதெல்லாமும் இல்லை, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயிருந்து ஆரம்பியுங்கள் என்றேன். பெண்கள் எல்லாரும் அதுதான் நியாயம் என்றார்கள். அன்றிலிருந்து நம் கோயிலில் அதுதான் வழக்கம். இந்த இரண்டாவது வாய்ப்பு வருகிற யாருக்கும் நான் சொல்லுவது இதுதான்: ஓடிப்போன ஆள் கேட்டதையெல்லாம் கழித்துவிட்டு உங்கள் விலையைப் பாருங்கள். அதற்குத் தருகிறவனிடம் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால், அந்தப் பொருளும் ஓடிப்போன ஆளும் இருப்பது ஒரே வீட்டில்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நீ கெட்டவன் என்று நான் எழுதவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வீட்டு விலாசம் கொடுத்திருக்க மாட்டாய். கல்யாணச் செலவுக்கு எங்களிடம் கை நீட்டக் கூடாது என்று நினைத்தாய். ஒரு வாட்ச் அடிமாட்டு விலைக்குப் போய்விட்டால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்தாய். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீ ஓட வைக்கிற வாட்ச் நன்றாக ஓடுகிறது. அந்த மனிதர் காதில் வைத்துக் கேட்டதும் சிரித்தாரே, அதை நான் ஏற்றிவிடவில்லை. அதற்குரிய விலை அதற்குக் கிடைக்கும். சில நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் வீட்டுக்கு வா, சட்டியில் சோறு இருக்கும்.

என்னை வீம்புக்காரி, சொன்னதை விடமாட்டாள் என்று சொல்லி வருத்தப்படுகிறாய். விடமாட்டேன்தான். நீ வாலாஜாபாத்துக்கு நேரில் போக வேண்டும், அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னால் போக வேண்டும். என் கேள்விகளைக் கழித்துவிட்டால் விலை எங்கே நின்றிருக்குமோ, அதற்கு மேல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனில் அனுப்பிவிட்டேன் என்று சொல்லாதே. கையில் கொடு. ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்ட சாமிக்குப் பயந்த ஆள் உன் அம்மாதான் என்று அவரிடம் சொல். அவர் பரவாயில்லை தம்பி, வாட்ச் கிடைத்ததே போதும் என்றுதான் சொல்லுவார், அப்படிப்பட்ட ஆள். அதைக் கேட்டுவிட்டுப் பணத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வராதே. வாங்கமாட்டேன் என்றால் அவர் மகளிடம் கொடு. அவள்தான் முதலிலேயே சரியாகச் சொன்னவள், அவளுக்கும் ஒரு பதில் சேர வேண்டும். நீ போய்வந்த மறுநாள் காலையில் நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன். நீ போகாவிட்டால் உன் நைனாவும் நீயும் சேர்ந்து கொடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன், கூடவும் வரமாட்டேன்.

கையில் பணம் இல்லை, மண்டபத்துக்குக் கட்டிவிட்டேன் என்று சொல்லப் போகிறாய். அதற்கும் வழி செய்திருக்கிறேன். வாலாஜாபாத்காரர் வருவதற்கு முந்தின நாள் அந்த நீல டயல் வாட்ச் என் தலையில் விழுந்தது அல்லவா, நம் சண்டைக்குப் பிறகும் அடுத்த ஆளுக்கு நீ செய்தி அனுப்பினாய், அவர் விவரம் தெரிந்தவர் போலிருக்கிறது, முதலில் நின்றவர் கேட்டதைக் கழித்துச் சொல்லுங்கள் என்று பதில் போட்டார், நீ கோபத்தில் என்னிடம் சொல்லி, அந்த ஏலத்தை ரத்து செய்துவிடு மா என்றாய். நான் ரத்து செய்யவில்லை. நவரைப் பட்டத்து நெல்லை விற்று வந்த பணத்திலிருந்து நேற்று அந்த வாட்சுக்கு முழு விலையும் கட்டிவிட்டேன். எந்த பட்டனை அழுத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். இந்நேரம் உன் கணக்குக்கு வந்திருக்கும். திருப்பி அனுப்பாதே, இது அம்மா பிள்ளைக்குக் கொடுத்த பணம் இல்லை. நான் கேட்டேன், விழுந்தது, எடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறு. இனி அந்தக் கணக்கு என் போனில் இருக்காது. இந்த ஒரு வாட்ச் வந்து சேர்ந்ததும் எடுத்துவிடுவேன்.

வாட்சைக் கையில் கொண்டுவந்து கொடுக்காதே. மற்றவர்களுக்கு எப்படி அனுப்புகிறாயோ அப்படியே பெட்டியில் போட்டு, என் பெயரும் விலாசமும் எழுதிப் பார்சலில் அனுப்பு. ஓட்டம் சரியில்லை என்றால் சரியில்லை என்றே கருத்து எழுதுவேன், மகன் என்று பார்க்கமாட்டேன். நன்றாக ஓடினால் அதையும் எழுதுவேன். உன் கல்யாணத்தில் நான் அதைக் கட்டிக்கொண்டு வரவேற்பில் நிற்கப் போகிறேன். பட்டுப் புடவைக்கு ஆம்பளை வாட்சா என்று உன் அத்தைகள் கேட்பார்கள். என் பிள்ளையிடம் ஏலத்தில் எடுத்தேன் என்று சொல்லுவேன். என்ன விலை என்று கேட்டால் விலையும் சொல்லுவேன்.

என் மணிக்கட்டு ஒல்லி என்பது உனக்குத் தெரியும். பட்டையில் உள்பக்கமாக இன்னும் ஓர் ஓட்டை போட்டு அனுப்பு.

உன் அம்மா